குறிப்பு என்றொரு பத்தி

எஸ் வளைவு இறங்கிப் புளியரைக்கு வரும்
ஒவ்வொரு சக்கரத்துக்கும் மருந்தடிப்பது என் வேலை.
மலைக்கு அந்தப் பக்கம் வாத்துகள் சாகத் தொடங்கிய வாரம்
கால்நடைத் துறை எனக்கு
ஒரு தெளிப்பானும் பேரேடும்
இரண்டு ரப்பர் பூட்ஸும் தந்தது.
இரண்டும் இடது காலுக்கு.

வண்டி எண், எங்கிருந்து, என்ன சரக்கு, எத்தனை மணி,
கடைசியில் குறிப்பு.
"அதுல ஒண்ணும் எழுத வேண்டாம் பேச்சித்தாய்,
கோடு போட்டுட்டுப் போ" என்றார் ஆய்வாளர்.
கோடு போட்டேன்.
வசவுகளுக்கு எந்தப் பத்தியும் இல்லை.
மலையாளத்தில் திட்டினால் பாதிதான் புரியும்.
மீதிப் பாதியை
வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில்
நானே மொழிபெயர்த்துக்கொள்வேன்,
அவர்கள் சொன்னதைவிட மோசமாக.

மார்கழி. ராத்திரி இரண்டரை.
கொல்லத்து மீன்வண்டிக்காரன்
கதவை அறைந்து இறங்கி
மருந்து வாளியை எத்திவிட்டான்.
என் காது சுட்டது.
பதிலுக்கு ஒரு சொல் தொண்டைவரை வந்தது.
'கோபம்' என்று எழுதக் குனிந்தபோது
பூட்ஸில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.
அவன் பின்கதவிலிருந்து மீன்வாடைத் தண்ணீர்.
"ஐஸ் உருகுதா அண்ணா?" என்றேன்.
அப்படியே நின்றான்.
"தென்காசியில நாலு மணிக்கு இறக்கணும் சேச்சி,
அல்லெங்கில் பாதி விலையே கிட்டு."
வாளியை நிமிர்த்தி வைத்ததும் அவன்தான்.
குறிப்பு: ஐஸ்.

அன்றிலிருந்து எழுதினேன்.
சாமி வண்டிக்கே மருந்தா என்று குதித்த ஓட்டுநருக்கு:
மூன்று நாள் தூக்கம்.
காரில் வந்தவர் என்னைப் பார்த்துக் கத்தினார்,
சண்டையோ பின்சீட்டில்
ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது.
'எனக்கு வந்ததல்ல' என்று எழுதினேன்,
முகவரி மாறிய தபாலில் எழுதுவதுபோல.
சிலருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோடு.
சிலருக்கு வெறும் திமிர். அதையும் எழுதினேன்.

பெரிய ஞானி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.
செங்கோட்டையில் காலை ஆறே முக்காலுக்கு
பால் பாக்கெட்டைக் கீழே போட்டதற்காக
முத்தரசியை அறைந்தேன்.
ஏழு வயசு. அவள் அழவில்லை.
துணி எடுத்து வந்து துடைத்தாள்,
மூலைகளையும்.

அன்றிரவு பேரேட்டில் எனக்கு ஒரு வரி:
வண்டி எண் இல்லை. எங்கிருந்து: புளியரை.
சரக்கு: பால், அரை லிட்டர்.
குறிப்பில் கோபம் என்றெழுதி அடித்தேன்.
களைப்பு. அதையும் அடித்தேன்.
ஐந்து வண்டி போன பிறகு எழுதினேன்:
முப்பத்தொன்றாம் தேதியோடு ஆர்டர் முடிகிறது,
இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வயிற்றில் இருந்த ஏதோ ஒன்று
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.
அவ்வளவுதான். எழுந்து போகவில்லை.

தணிக்கைக்கு வந்த டாக்டர்
பக்கம் பக்கமாக வாசித்தார்.
வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது.
என் வரியில் அவர் விரல் நின்றபோது
நான் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"இதெல்லாம் பென்சில்ல எழுதும்மா" என்றார்.

பென்சில் ஐந்து ரூபாய். இரண்டு வாங்கினேன்.
ஒன்று முத்தரசிக்கு.
அடித்தது தப்பு என்று முதலில் சொன்னேன்,
பென்சிலைக் கொடுத்தது அதற்கப்புறம்.
அவள் முனையைத்தான் பார்த்தாள்,
சீவியிருக்கிறதா என்று.

மீன்வண்டி மறுபடி வருகிறது.
அவனுக்கு என்னை ஞாபகமில்லை,
இறங்கும்போதே குரல் உயர்கிறது.
நான் முதலில் பின்கதவைப் பார்க்கிறேன்.
சொட்டவில்லை.
சரி,
இன்றைக்கு வேறு ஏதோ.